சும்மா நடந்த துரையும் நேர்ந்துகொண்டு நடந்த நானும்

மனிதன் காரியமே இல்லாமல் நடப்பான் என்பது மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கக் கேம்ப்புக்கு வந்து ஆறு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் நான் பார்த்த நடையெல்லாம் ஏதாவது ஒன்றுக்காக நடந்த நடைதான். வட ஆற்காட்டிலிருந்து இங்கே வந்தது பிழைக்க நடந்த நடை. தண்ணீருக்கு நடப்போம், விறகுக்கு நடப்போம், செத்தவரைத் தூக்கிக்கொண்டு நடப்போம், சாமிக்கு நடப்போம். சும்மா நடப்பது என்று ஒன்று உண்டு, அதற்குச் சீமையில் தனி பூட்ஸும் தனிக் கம்பும்கூட விற்கிறார்கள் என்று எனக்குச் சொன்னவர் எங்கள் துரை.

அப்போது கேம்ப்புக்கு ரயில் வந்துவிட்டது, கரண்டு விளக்கு இன்னும் வரவில்லை. நான் கொல்லுப்பட்டறையில் இருந்தேன். சுரங்க ஷாஃப்டுக்குள் பாறையைக் குடைந்து மழுங்கி வரும் உளிகளைக் காய்ச்சித் தட்டிக் கூராக்கி மறுபடியும் கீழே அனுப்புவது என் வேலை. மூன்றாம் வகுப்போடு நின்றவன். சாமிப் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் படிப்பு. மற்றபடி காலையில் குளித்து நெற்றி நிறைய விபூதி பூசாமல் வாயில் கூழ் வைக்கமாட்டேன்.

எங்களுக்கு ஒரே பெண். இரண்டரை வயசாகியும் நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி வீட்டை ஆட்சி செய்வாள். ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டுகிறவர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாத்தான் கீது, வீட்டுக்கு இட்டுக்கினு போ" என்றார். எலும்பு நன்றாக இருந்து என்ன? பக்கத்து வீட்டுப் பெண் இவளைவிட ஆறு மாசம் சின்னவள், எங்கள் வாசலில் ஓடிவந்து கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரி உள்ளே எழுந்து போய்விடுவாள்.

மாசி மாசத்தில் விளக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். வேலவா, என் பெண் தன் காலில் நின்றால் வருகிற ஆடிக்கிருத்திகைக்கு பேத்தமங்களா ஏரிக்கு அந்தாண்டை மலைக்குக் காவடி எடுத்து நடந்தே வருகிறேன். எங்கள் ஜனங்கள் வேல் நட்டுக் கும்பிடுகிற மலை அது. இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் நிற்காது. போன வருஷம் எங்கள் லைன் வீடுகளில் பாதிப்பேர் காவடியை ரயில் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெற்றிலை மென்றுகொண்டு திருத்தணிக்குப் போய்வந்து, நடந்து போனவர்களைவிட அதிகமாக விபூதி பூசிக்கொண்டு திரிந்தார்கள். அது எனக்கு ஒரே எரிச்சல். அந்த எரிச்சலையும் வேண்டுதலோடு சேர்த்துவிட்டேன். "விரதம் தொடங்கினால், நேர்த்தி முடிகிற வரைக்கும் என் வீட்டில் ஒருத்தரும் சக்கரத்தில் ஏறமாட்டோம், சக்கரத்தைப் பிடித்துக்கூட நடக்கமாட்டோம், ஆண்டவனே" என்று சொன்னேன். சாமி கேட்காததையெல்லாம் கொடுப்பது ஒரு வகைத் திமிர் என்று அப்போது தெரியவில்லை.

மரக்கிடங்கில் வேலை செய்த தச்சர் ஒருவர் பங்குனியில் ஒரு நடைவண்டி செய்து கொடுத்தார். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. வைகாசியில் ஒருநாள் என் பெண் அந்தக் கட்டையைப் பிடித்து எழுந்து நின்றாள். பத்து நாளில் அதைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போனாள். முருகன் என்றாள் வீட்டுக்காரி. முருகன் என்றேன் நானும். தச்சர் மட்டும், "வேப்பங்கட்டை, நல்ல கனம், சாயாது" என்றார். அவர் பேச்சை நாங்கள் எங்கே காதில் வாங்கினோம்.

ஆடி பிறந்தது. கிருத்திகைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது விரதம் தொடங்கினேன். என்னைவிட என் வீட்டுக்காரி கெட்டி. அன்றைக்குக் காலையிலேயே நடைவண்டியைக் கயிற்றில் கட்டிக் கூரை மூங்கிலில் தொங்கவிட்டுவிட்டாள்.

"அது கொழந்தை வண்டிதானே" என்றேன்.

"மூணு சக்கரம் கீதா இல்லியா? நீதானே வாயால சொன்னே? சக்கரத்தப் புடிச்சிகினு நடக்கமாட்டோம்னு?"

சொன்னது நான்தான்.

மூன்றாம் நாள், நின்றுகொண்டிருந்த பெண் உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்தினால் கால் துணியாக மடங்கியது. அழுகை, பிடிவாதம். நாலாம் நாளும் அப்படியே, ஐந்தாம் நாளும் அப்படியே. என் வீட்டுக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவரு நிக்க வெச்சுக் காட்டிட்டாரு, நாம இன்னும் நேர்த்திய முடிக்கல. எங்கடா நேர்த்தின்னு கேக்கறாரு. இந்தக் கிருத்திகை தவறிப்போச்சோ, இனிமே இவ நிக்கவே மாட்டா, பாத்துக்கோ" என்றாள். நடைவண்டி எங்கள் தலைக்கு மேலேயே கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் இரண்டு பேரும் அழுதோம்.

போவது என்று முடிவாகிவிட்டது. லீவுதான் இல்லை. கிருத்திகை வியாழக்கிழமையில் வந்தது. பட்டறை மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"கிருத்திகைக்கு வயித்துவலி, தலைவலி, மாமியார் சாவுன்னு இருவது பேர் வந்து போய்ட்டான். நீ இன்னா கொண்டாந்திருக்கே?" என்றார்.

"நேர்த்திங்க."

"அது நேத்தே நாலு பேர் சொல்லிட்டான். வேற சொல்லு."

வேறு எனக்கு ஒன்றும் இல்லை. சொல்லாமல் நின்றுவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள், பேர் போனால் லைனில் வீடும் போகும். இரண்டு நாள் யோசித்தேன். உளியை நெருப்பில் வைத்துவிட்டு மறந்து இரண்டு உளியைக் கருக்கினேன்.

அந்த நேரத்தில்தான் துரை பட்டறைக்குள் வந்தார். சுரங்கத்துக்குள் ஆட்களை மேய்க்கிற சின்னத் துரை அவர். குளிர்காய்ச்சலில் ஒரு மாசம் படுத்து எழுந்தவர். டாக்டர் பத்து நாள் கீழே இறங்கக்கூடாது, வெளிக்காற்று வாங்கு என்று சொல்லியிருந்தார். காற்று வாங்க, ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்த தன் சைக்கிளை எடுத்திருந்தார். கேம்ப்பில் சைக்கிள் பார்த்தவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணும்படிதான். போன வாரம் அதன் மிதிகட்டை வளைந்து வந்ததை நான்தான் காய்ச்சி நிமிர்த்திக் கொடுத்தேன். அதிலிருந்து என்மேல் அவருக்கு ஒரு நம்பிக்கை.

துரைக்குக் கேம்ப் தமிழ் கொஞ்சம் வரும். மரியாதைச் சொல் மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. "நீ கேளு. பாறை வேணும். தண்ணி வேணும். ஆள் கூடாது. எங்கே இருக்கு?" என்றார்.

தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அங்கேயும் சுரங்கம்தானாம், தகரச் சுரங்கம். கடலை ஒட்டி ஒரே கரடும் பாறையும், மைல் கணக்கில் ஒரு வீடு கிடையாது, ஆளைத் தள்ளுகிற காற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தச் சைக்கிளில் போகிற மட்டும் போவாராம். போக முடியாத இடத்தில் இறங்கிப் பாறையில் ஏறுவாராம்.

"அங்கே இன்னா வேலை தொரை?"

"வேலை இல்லே. சும்மா."

"கோயில் இருக்குதா?"

"இல்லே."

"சொந்தக்காரங்க வீடு?"

"இல்லே, இல்லே."

"ஏறினப்புறம்?"

"எறங்கணும். வீட்டுக்குப் போய் டீ."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் மனசுக்குள் ஒரு கதவும் திறந்தது. "தொரை, பேத்தமங்களாவுல ஒரு ஏரி கீது. கடல் மாதிரியே இருக்கும். அந்தாண்ட மலை, பாறை. ஆளே இருக்கமாட்டாங்க" என்றேன்.

நான் கடலைப் பார்த்ததே கிடையாது. ஆனால் கடல் பொய்யைவிட ஆள் பொய்தான் பெரிசு.

"எந்த நாள் நல்லா இருக்கும்?"

"வியாழக்கிழமை தொரை. வியாழக்கிழமைதான் ரொம்ப நல்லா இருக்கும்."

விரதத்தில் பொய் சொன்னால் விரதம் கெட்டுப்போகும். சாமிக்காகச் சொன்ன பொய் சேர்த்தியில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். துரை மேஸ்திரிக்கு ஒரு சீட்டு எழுதினார். மேஸ்திரி சீட்டைப் படித்து, என்னைப் பார்த்து, மறுபடியும் சீட்டைப் படித்தார். "வியாழக்கிழமைதான் தொரைக்குக் காத்து வேணுமாம், இல்லியா?" என்றார். நான் உளியை நெருப்பில் திருப்பிப் போட்டேன்.

காவடிக்கு ஏற்பாடு என் மச்சான். வீட்டுக்காரியின் தம்பி. ராத்திரி ஷிப்டு முடித்துச் சுரங்கத்திலிருந்து கேஜ் கூண்டில் மேலே வந்ததும் குளித்துவிட்டு, மேளக்காரர்களோடு குறுக்குவழியில் போய் மலையடிவாரத்தில் காவடியோடு நிற்பது என்று பேச்சு. துரை பாறையில் உட்கார்ந்து காற்று வாங்குகிற நேரத்தில் நான் ஓட்டமாக மேலே ஏறி இறக்கிவிட்டு வந்துவிடுவேன். இதுதான் என் திட்டம்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மஞ்சள் வேட்டியும் ருத்திராட்சமும் தெரியாமலிருக்க மேலே நீளமான பட்டறைக் கோட்டு மாட்டியிருந்தேன். தலையில் துரையின் சாப்பாட்டுக் கூடை. அவர் சைக்கிளில், நான் செருப்பில்லாத காலில். கேம்ப்புப் புகையும் கல் அரவை மில் சத்தமும் பின்னால் தேய்ந்து, கரடும் முள்ளும் தொடங்கின. துரை விர்ரென்று போவார், ஒரு மரத்தடியில் நின்று திரும்பிப் பார்ப்பார், நான் வந்து சேர்ந்ததும் மறுபடி விர்ரென்று போவார். நாலாவது மரத்தில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"பின்னாலே கட்டை இருக்கு. ஏறி நில்லு."

"வேணாம் தொரை."

"பயமா?"

"தலை சுத்தும் தொரை."

"கூடையைத் தலையில வெச்சுச் சுத்தாது, இதிலே சுத்துமா?"

ஆறேழு மைல் நடக்க எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவர் ஒவ்வொரு மரத்தடியிலும் "ஏறு" என்றார் பாருங்கள், அதுதான் கஷ்டம். விரதத்துக்குச் சோதனை என்றால் பெண்ணோ கள்ளோ வரும் என்று கதையில் கேட்டிருக்கிறேன். எனக்குச் சீமைச் சைக்கிள் வந்தது.

பாதி வழியில் கருவேல முள் ஏறி டயர் உட்கார்ந்துவிட்டது. துரையிடம் ஒட்டுவதற்குப் பசை டப்பா இருந்தது. திறந்து பார்த்தால் பசை காய்ந்து கல். அவர் தன் பாஷையில் நாலு வார்த்தை சொன்னார், நல்ல வேளையாக எனக்குப் புரியவில்லை. கூடையை அவர் வாங்கிக்கொண்டு, "நீ தள்ளு" என்றார்.

தள்ளினேன். நூறு அடி போனதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மேட்டில் ஏறும்போது என் கை கைப்பிடியில் சாய்கிறதே, இது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பது ஆகாதா? என் பெண்ணுக்கு ஆகாதது எனக்கு மட்டும் ஆகுமா? யாரைக் கேட்பது? பேசாமல் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். தோளில் இருக்கிற சக்கரம் சுமைதான், வண்டியில்லை.

துரை திகைத்து நின்றுவிட்டார். "ஏன்? தள்ளினால் போகும்!"

"டயர் கெட்டுப்போயிடும் தொரை."

என் பக்தியை அவர் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார். முதுகில் தட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏரிக்கரை ஏறினோம். ஆடி மாசம், மழை இன்னும் வரவில்லை. கரைக்குக் கீழே ஒரு பர்லாங்குக்கு வெடித்த சேறு. அதற்கு அப்பால் தண்ணீர். எருமைகள் படுத்திருந்தன, கொக்குகள் நின்றிருந்தன. துரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுவா கடல்?"

"கார்த்திகையில வந்தா இன்னும் கொஞ்சம் கடலா இருக்கும் தொரை."

அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. அந்த நேரத்தில் மலைப்பக்கத்திலிருந்து பம்பைச் சத்தம் வந்தது. துரை தலையைத் திருப்பினார். ஆளே இருக்கமாட்டார்கள் என்று நான் சொன்ன மலையில் அடியிலிருந்து உச்சிவரைக்கும் மஞ்சளும் சிவப்புமாக மனுஷத் தலை. அரோகரா என்ற சத்தம் தண்ணீர்மேல் உருண்டு வந்தது.

துரை விடுவிடுவென்று மலையைப் பார்த்து நடந்தார், பின்னால் நான், தோளில் சைக்கிள்.

அடிவாரத்தில் மச்சான் காவடியோடு நின்றிருந்தான். ராத்திரி முழுக்கப் பாறை உடைத்த கண், சிவந்திருந்தது. வாய்க்கு மட்டும் களைப்பு இல்லை. "இன்னா மாமா, வழியிலேயே இரும்புக் காவடி ஒண்ணு எடுத்துக்கினியா? இந்த மரக்காவடிய நான் வீட்டுக்குக் கொண்டுபோயிடட்டா?" என்று கத்தினான்.

"வாய மூடுடா. தொரை கீறாரு."

"கீறட்டுமே. அவுருக்கும் ஒண்ணு எடுத்தாறதுதானே!"

துரை காவடியைப் பார்த்தார். கோட்டு விலகித் தெரிந்த என் மஞ்சள் வேட்டியைப் பார்த்தார். "ஓ" என்றார். பிறகு மெதுவாக, "யாரு யாரைக் கூட்டிவந்தது?" என்றார்.

சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு அவர் காலைத் தொடப் போனேன். பின்னுக்கு நகர்ந்துகொண்டார். அப்படியே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெண் நிற்காதது, நின்றது, மறுபடி உட்கார்ந்தது, மேஸ்திரி லீவு கொடுக்காதது, கடல். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முகம் சிவந்துதான் இருந்தது. இப்போதே திரும்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் திரும்பித்தான் ஆகவேண்டும். வேலையா நேர்த்தியா என்று தைரியமாக நிற்கிற ஆள் நானில்லை. என் பெண்ணின் கால் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

"எத்தனை வயசு?" என்று கேட்டார்.

"மூணு ஆகப்போகுது தொரை."

திரும்பி ஏரியைப் பார்த்தார். "போ. ஏறு" என்றார்.

காலையிலிருந்து அவர் சொன்ன எத்தனையோ "ஏறு"களில் நான் கேட்ட ஒரே "ஏறு" அதுதான்.

கோட்டைக் கழற்றினேன், காவடியைத் தோளில் வாங்கினேன். அப்போது இன்னொரு சிக்கல். சைக்கிளைச் சுற்றி ஜனம் கூடிவிட்டது. ஒருத்தன் மணியை அடித்தான், ஒருத்தன் இருக்கையை அமுக்கிப் பார்த்தான், ஒருத்தன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு எப்போது நிற்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தான். இதை இங்கே விட்டுவிட்டுத் துரையால் நிம்மதியாகக் காற்று வாங்க முடியாது. மச்சானைக் காட்டினேன், "இவன் தூக்குவான் தொரை." மச்சான், "நான் ராத்திரி பூரா தூக்கிட்டு வந்தேன், போ மாமா" என்று மேளக்காரர்களோடு போய்விட்டான்.

துரை தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். சாப்பாட்டுக் கூடையைக் கையில் கோத்துக்கொண்டு, நான் வைத்திருந்த மாதிரியே சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். என் பின்னாலேயே பாறையில் ஏற ஆரம்பித்தார்.

காவடி எடுத்து வருகிறவர்கள் காலில் வழியெல்லாம் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். காவடியில் எத்தனையோ வகை உண்டு, பால் காவடி, புஷ்பக் காவடி, மச்சக் காவடி. அவர்கள் என்னத்தைக் கண்டார்கள்? வரிசையில் ஒருத்தர் தோளில் சுமையோடு வியர்த்துக்கொண்டு வருகிறார். ஒரு அம்மாள் என் காலில் ஊற்றிவிட்டு, மீதிக் குடத்தைத் துரையின் பூட்ஸில் ஊற்றினாள்.

"ஏய், ஏய்!" என்றார் துரை.

"பூட்ஸைக் கழட்டுங்க தொரை, காவடிக்கு ஆவாது" என்றாள் அவள்.

"இது காவடி இல்லே! சைக்கிள்!"

"எந்தக் காவடியா இருந்தா இன்னா, பூட்ஸைக் கழட்டுங்க."

பின்னாலிருந்து ஜனம் நெருக்கியது. துரை ஒரு பாறையில் உட்கார்ந்து கழற்றினார். பூட்ஸ் இரண்டையும் கயிற்றில் முடிந்து கைப்பிடியில் தொங்கவிட்டார். வெள்ளைக் கால் பாறைச் சூட்டில் பட்டதும் குதித்தார் பாருங்கள், மேளக்காரன் அதை ஆட்டம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பம்பையை வேகமாக அடித்தான். அடி வேகமானதும் கூட்டமும் வேகமாக ஏறியது, துரையும் வேகமாக ஏறவேண்டியதாகிவிட்டது. யாரோ கைப்பிடியில் வேப்பிலை செருகினார்கள். யாரோ சக்கரத்தில் குங்குமம் வைத்தார்கள்.

உச்சியில் பண்டாரம் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். நான் வரிசையில் பதினைந்தாவதோ இருபதாவதோ. அவர் என்னைத் தாண்டித் துரையைப் பார்த்தார். "தொரை இன்னா வேண்டிக்கினு வந்தாரு?" என்று கேட்டார்.

நான் துரைக்குச் சொன்னேன். துரைக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணும் இல்லே. சும்மா" என்றார்.

"ஒண்ணும் கேக்கலியா?" பண்டாரத்துக்கு நம்ப முடியவில்லை. "இந்த மலைக்கு ஒண்ணுமே கேக்காம வந்தவரு இவருதான்யா. வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று எல்லாரையும் விலக்கித் துரைக்கு முதல் தீபாராதனை காட்டி, நெற்றியில் விபூதியும் பூசிவிட்டார். பதினைந்து நாள் விரதம் இருந்த நான் இரண்டு பேருக்குப் பின்னால் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். பொறாமைப்படவில்லை என்று எழுதினால் இன்னொரு பொய்யாகும்.

என் முறையும் வந்தது. பாலை வேல்மேல் ஊற்றும்போது அழுதுவிட்டேன். கேட்டதெல்லாம் என் பெண்ணுக்கு இரண்டு கால்தான். வேறு எதுவும் கேட்கவில்லை.

கும்பிட்டு முடித்துப் பார்த்தால் துரையைக் காணோம். மலையின் பின்பக்கத்தில், ஜனம் இல்லாத பாறை முனையில் நின்றிருந்தார். அங்கேயிருந்து சேறு தெரியவில்லை, தண்ணீர் மட்டும் தெரிந்தது. காற்று அவர் சட்டையை உப்பவைத்தது, தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். நெற்றியில் விபூதி அப்படியே இருந்தது. நான் போய் நின்றதும், "இங்கேயிருந்து கொஞ்சம் கடல்" என்றார். நான் பாவம் என்று நினைத்த மனிதர் அங்கே என்னத்தைப் பார்த்தாரோ, எனக்கு அது கடைசிவரை தெரியாது.

இறங்கி வந்ததும் டயருக்குள் வைக்கோலைத் திணித்துக் கட்டிக் கொடுத்தேன். ஏரிக்கரைமேல் குலுங்கிக் குலுங்கி ஓட்டிப் பார்த்து, போகும் என்றார். எனக்குக் குதிகாலில் பாறை கிழித்திருந்தது, நொண்டினேன். "இப்போ சாமி முடிஞ்சுது. இப்போ ஏறு" என்றார்.

முடியவில்லை. பிரசாதம் பெண்ணின் நெற்றியில் படுகிற வரைக்கும் நேர்த்தி முடியாது என்று வீட்டுக்காரி சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னேன். துரை என் காலைப் பார்த்தார், வழியைப் பார்த்தார். பிறகு சைக்கிளை விட்டு இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தார், கேம்ப் வரைக்கும். வழியில் ஒரு தரம், "இது நல்ல நடை" என்றார்.

எங்கள் லைனைத் தாண்டித்தான் பங்களாவுக்குப் போகவேண்டும். எங்கள் வீட்டு வாசல் கம்பத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். வீட்டுக்காரி நெற்றியில் விபூதி வைத்த துரையைப் பார்த்துச் சொம்பைக் கீழே போட்டாள். நான் பெண்ணின் நெற்றியில் பிரசாத விபூதியைப் பூசினேன். நிற்கவைத்தேன். கால் மடங்கியது. உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்தில் எனக்கு இருந்த மனசை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

பெண் எங்களை ஒருத்தரையும் பார்க்கவில்லை. சைக்கிளைத்தான் பார்த்தாள். தவழ்ந்து போனாள். குங்குமம் வைத்த சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நின்று, அதை முன்னால் தள்ளப் பார்த்தாள்.

"அரோகரா!" என்று என் வீட்டுக்காரி கத்தின கத்தில் லைன் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. துரை மணியை அடித்துக் காட்டினார், பெண் சிரித்தாள். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினேன், தானாகக் கண் மேலே போனது. நடைவண்டி தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பினால் வீட்டுக்காரியும் வாயில் வைத்த கையை எடுக்காமல் மேலே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரை போன பிறகு கயிற்றை அவிழ்த்தேன். பெண் கட்டையைப் பிடித்தாள், நேராக வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள், கோழி ஓடியது. கால் என்றைக்கும் கெடவேயில்லை. வண்டியைப் பிடுங்கிக் கூரையில் கட்டிய கோபத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

வீட்டுக்காரி சோறு போடும்போது கேட்டாள். "அப்ப நீ சும்மா நடந்தியாய்யா?"

"நானா? தொரைதான் சும்மா நடந்தாரு."

"அவருக்குத்தான் மொதல் கற்பூரம்னு உன் மச்சான் சொன்னானே."

நான் சாதத்தைப் பிசைந்தேன். முருகன்மேல் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. நிற்கவைத்தது அவர்தான். வைகாசியிலேயே வேப்பங்கட்டையில் செய்து அனுப்பிவிட்டார், வாங்கிக் கூரையில் கட்டியது நாங்கள்.

அடுத்த வருஷம் ஆடியில் மேஸ்திரியிடம் நான் ஒன்றும் போய் நிற்கவில்லை. துரையே பட்டறைக்கு வந்து, "உன் கடல் எந்தக் கிழமை?" என்று கேட்டார். வீட்டில் புளிச்சோறு கட்டிக்கொண்டே வீட்டுக்காரி கேட்டாள்: "இந்த வருசம் இன்னா நேர்ந்துகினே?"

"ஒண்ணும் இல்லே."

"சத்தியமா?"

"சத்தியமா ஒண்ணும் இல்லே. வாயே தொறக்கல."

அவள் அப்புறம்தான் மூட்டையைக் கையில் கொடுத்தாள். வாசலில் பெண் நடைவண்டியை விட்டுவிட்டுக் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.